குரோம்பேட்டையா, கூடுவாஞ்சேரியா, ஆவடியா? மின்சார ரயிலை நம்பிச் சென்னையில் வீடு பார்ப்பவர்களுக்கு

சென்னையில் வீடு பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது "ஸ்டேஷன் நடந்தே அஞ்சு நிமிஷம் சார்" என்பதுதான். அந்த ஐந்து நிமிடம் பல நேரம் உண்மையாகவே இருக்கும். அதற்குமேல் அவர் சொல்லாமல் விடுவதில்தான் விஷயம் இருக்கிறது. அந்த ஸ்டேஷனிலிருந்து வண்டி புறப்படுகிறதா, இல்லை நிரம்பி வந்து கடந்து போகிறதா? வீடு தண்டவாளத்துக்கு எந்தப் பக்கம்? அலுவலகம் போய்ச் சேர எத்தனை இடத்தில் இறங்கி ஏற வேண்டும்? பத்துக் கிலோமீட்டர் கூடுதலாகப் பயணம் செய்வது பெரிய கஷ்டமில்லை. ஒருமுறை கூடுதலாக வண்டி மாறுவது பெரிய கஷ்டம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

முதலில் தடங்கள். தெற்கே பீச் (சென்னைக் கடற்கரை நிலையம்)–தாம்பரம்–செங்கல்பட்டு, 60 கிலோமீட்டர். மேற்கே சென்ட்ரலை ஒட்டிய மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி, திருவள்ளூர் வழியாக அரக்கோணம், 69 கிலோமீட்டர். வடக்கே கும்மிடிப்பூண்டி, அதைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் சூலூர்பேட்டை. இவை தவிர, தூண்கள் மேல் ஓடும் பீச்–வேளச்சேரி பறக்கும் ரயில். நான்கும் கூடுவது நகரின் வடகிழக்கு மூலையில். தெற்குத் தடமும் மேற்குத் தடமும் நடுவில் ஒன்றையொன்று தொடுவதில்லை. ஆவடியிலிருந்து கிண்டிக்குக் குறுக்கே ரயிலில் போக முடியாது என்பதை வரைபடத்தைப் பார்த்தவுடன் மனதில் வாங்கிக்கொள்வது நல்லது.

தெற்குத் தடம்: தாம்பரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

1931-ல் மீட்டர் கேஜில் (குறுகிய அகலத் தண்டவாளம்) மின்மயமான தடம் இது. தெற்கத்திச் சென்னை இந்தத் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டுதான் வளர்ந்தது. அதனால் நிலையங்கள் நெருக்கமாக, பெரும்பாலும் ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையை ஒட்டியே இருக்கின்றன. காலை மாலை நெரிசல் நேரத்தில் பீச்–தாம்பரம் இடையே ஐந்து முதல் பத்து நிமிடத்துக்கு ஒரு வண்டி. ஒரு வண்டியைத் தவறவிட்டால் பதற வேண்டாத தடம் சென்னையில் இது ஒன்றுதான். பீச்சிலிருந்து தாம்பரம் ஏறத்தாழ 55 நிமிடம், டிக்கெட் 10 ரூபாய்.

தாம்பரத்தைத் தாண்டியதும் கணக்கு மாறுகிறது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, மறைமலைநகர் எல்லாவற்றுக்கும் செங்கல்பட்டு வண்டிதான் கதி. தாம்பரம் வரை வரும் வண்டிகளில் ஒரு பகுதிதான் அதற்கு மேல் போகிறது. பகலில் ஒரு வண்டி போய்விட்டால் அடுத்ததற்கு அரை மணி நேரமாவது நிற்க நேரும் இடைவெளிகள் அட்டவணையில் உண்டு. கூடுவாஞ்சேரியிலிருந்து தாம்பரம் 20 நிமிடம்தான். ஆனால் வண்டிக்காகக் காத்திருப்பதையும் சேர்த்தால் அந்த 20 நிமிடம் 40 ஆவது சாதாரணம். ஆகவே தாம்பரத்துக்கு அப்பால் வீடு எடுப்பவர் அட்டவணையைப் பார்த்து வாழத் தயாராக இருக்க வேண்டும். 7.40 வண்டி என்றால் 7.40 வண்டிதான்.

அப்படியானால் தாம்பரத்துக்கு இந்தப் பக்கம், குரோம்பேட்டை, பல்லாவரம் மேல் என்று தோன்றும். வண்டி எண்ணிக்கையில் மேல்தான். உட்கார இடம் என்று வந்தால் நிலைமை தலைகீழ். காலையில் தாம்பரத்தில் புறப்படும் வண்டி அடுத்த நிலையமான சானடோரியம் வருவதற்குள் இருக்கை நிரம்பிவிடுகிறது. குரோம்பேட்டையில் நிற்க இடம், பழவந்தாங்கலில் கதவோரம் தொங்கல். செங்கல்பட்டிலிருந்து வருவது தாம்பரத்துக்கு வரும்போதே நெருக்கியடிக்கும். சானடோரியம், குரோம்பேட்டைக்காரர்கள் சிலர் எதிர்த்திசை வண்டியில் தாம்பரம் வரை போய், அங்கே காலியாகப் புறப்படும் வண்டியில் இடம் பிடித்து வருவதுண்டு. பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாகும். அப்படிச் செய்யும் எண்ணம் இருந்தால் சீசன் டிக்கெட்டைத் தாம்பரத்திலிருந்தே எடுக்க வேண்டும். குரோம்பேட்டை சீசனுடன் தாம்பரத்தில் பிடிபட்டால் அது டிக்கெட் இல்லாப் பயணம்தான்.

கிண்டியில் இறங்குபவருக்கு இந்த நெரிசல் ஒரு பொருட்டில்லை; தாம்பரத்திலிருந்தே 25 நிமிடச் சொச்சம்தான், நின்றே போய்விடலாம். எழும்பூர், பார்க், பீச் வரை போகிறவர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தினமும் நிற்க வேண்டும் என்றால் தாம்பரமே சரி. வண்டி அங்கே பிறக்கிறது, தென் மாவட்ட எக்ஸ்பிரஸ்கள் நிற்கின்றன, இரவில் கடைசி வண்டி நள்ளிரவை ஒட்டிக்கூட இருக்கிறது.

வெறும் நேரத்தைப் பார்த்தால் ஃபாஸ்ட் லோக்கல் கூடுவாஞ்சேரிக்காரருக்குக் கைகொடுக்கும். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே பல நிலையங்களைத் தாண்டி ஓடுவதால் நேரம் மிச்சமாகும். சிக்கல் என்னவென்றால் நீங்கள் இறங்க வேண்டியது அது தாண்டும் நிலையமாக இருந்தால் அந்த வண்டியால் பயனில்லை. மாம்பலத்தில் இறங்குபவர் கொடுத்துவைத்தவர். கோடம்பாக்கத்தில் இறங்குபவர் சாதா வண்டியை நம்பித்தான் ஆக வேண்டும்.

2025 ஏப்ரலில் இதே தடத்தில் ஏ.சி. மின்சார ரயில் வந்தது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாய், பீச்–செங்கல்பட்டு 105. சாதாரண டிக்கெட்டோ சீசனோ அதில் செல்லாது. ஒரு நாளில் அது ஓடும் தடவைகள் குறைவு. உங்கள் நேரத்துக்கு ஒத்துவந்தால் அது ஒரு வசதி என்று வைத்துக்கொள்ளலாம். அதை நம்பி வீடு எடுப்பது சரியல்ல.

இந்தத் தடத்தில் அடிக்கடி ஏமாறும் இடம் பக்கம். பல்லாவரம் முதல் தாம்பரம் வரை ஜி.எஸ்.டி. சாலை தண்டவாளத்துக்கு மேற்கே ஓடுகிறது. பேருந்து, பெரிய கடைகள் எல்லாம் அந்தப் பக்கம். ராதா நகர், கிழக்குத் தாம்பரம் போன்ற கிழக்குப் பகுதிகளில் வீடு என்றால் ஸ்டேஷன் பக்கத்திலேயே இருக்கும், ஆனால் ஜி.எஸ்.டி. சாலையில் பேருந்து பிடிக்க ஒவ்வொரு முறையும் படி ஏறி இறங்க வேண்டும், வண்டி வைத்திருந்தால் சுரங்கப்பாதைக்கோ மேம்பாலத்துக்கோ சுற்ற வேண்டும். ரயிலை மட்டும் நம்புபவருக்குக் கிழக்கு போதும். வீட்டில் ஒருவர் ரயிலிலும் இன்னொருவர் பேருந்திலும் போவதாக இருந்தால் மேற்குதான் நிம்மதி.

பன்னிரண்டு பெட்டி வண்டியின் நீளம் கிட்டத்தட்டக் கால் கிலோமீட்டர். நடைமேம்பாலம் பிளாட்பாரத்தின் ஒரு கோடியில் இருக்க, உங்களுக்கு வசதியான பெட்டி மறுகோடியில் நின்றால், "அஞ்சு நிமிஷ" நடை ஒன்பது நிமிடமாகிவிடும். இறங்கும் நிலையத்தில் படிக்கட்டு எந்தக் கோடியில் இருக்கிறதோ அதற்கேற்ற பெட்டியில் ஏறுவதுதான் பழகியவர்கள் வழக்கம். பெண்கள் பெட்டி எங்கே நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

மேற்குத் தடம்: அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர்

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்கு ஓடிய வழிதான் இது. இன்றும் இதன் பலம் அந்த நேர்கோடுதான்: சென்ட்ரலில் வேலை என்றால் இதைவிட எளிய வழி இல்லை. மூர்மார்க்கெட் வளாகத்திலிருந்து ஆவடி 45 நிமிடத்துக்குள், திருவள்ளூர் ஒன்றேகால் மணி நேரம். புறநகர் வண்டிக்குத் தனித் தடம் இருப்பதால் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு நிற்கும் தொல்லை வடக்குத் தடத்தைப் போல இல்லை.

சிக்கல் சென்ட்ரலில் இறங்கியபின் ஆரம்பிக்கிறது. கிண்டியோ நுங்கம்பாக்கமோ போக வேண்டியவர் சுரங்கப்பாதையில் இறங்கிச் சாலையைக் கடந்து பார்க் ஸ்டேஷனில் ஏறி, ஏற்கெனவே நிரம்பி வரும் தெற்கு வண்டியில் நுழைய வேண்டும். மெட்ரோவுக்கு மாறினால் கிண்டி எளிதாகப் போகலாம், ஆனால் மெட்ரோ கட்டணம் 10 முதல் 50 ரூபாய் வரை. ரயிலுக்குச் சீசன் எடுத்து மிச்சம் பிடித்ததையெல்லாம் மெட்ரோவுக்குக் கொடுத்தது போலாகும். கிண்டியில் வேலை, ஆவடியில் வீடு என்றால் ரயிலைவிட வேறு வழி பார்ப்பதே மேல். அல்லது வீட்டை மாற்றுவது மேல்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வேலை என்றால் இந்தத் தடத்துக்கு இணையே இல்லை. இறங்க வேண்டியது பெரும்பாலும் அம்பத்தூர் ஸ்டேஷன் அல்ல, பட்டரவாக்கம். பெயரைப் பார்த்து அம்பத்தூரில் இறங்கிவிட்டு ஷேர் ஆட்டோ தேடுபவர்கள் எப்போதும் உண்டு. இங்கே ஃபாஸ்ட் வண்டியைப் பற்றி முன்பு சொன்னதே பொருந்தும்: பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி, திருவள்ளூர் போன்றவற்றில் நிற்பது பட்டரவாக்கத்தில் நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது.

ஆவடியின் அனுகூலம் தாம்பரத்தினுடையதே: பல வண்டிகள் அங்கிருந்தே புறப்படுகின்றன, இருக்கை கிடைக்கும். திருநின்றவூர், வேப்பம்பட்டு, செவ்வாய்ப்பேட்டை ரோடு பக்கம் அதே பணத்துக்குப் பெரிய வீடு கிடைக்கும். ஆனால் ஆவடியோடு திரும்பும் வண்டிகள் அத்தனையும் உங்கள் கணக்கிலிருந்து போய்விடும். இரவு ஒன்பதரைக்கு மேல் வேலை முடிபவர் இதை இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இந்தத் தடத்துக்கென்று ஒரு பலவீனம் உண்டு. பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடி ஜீவாவுக்கும் இடையிலுள்ள 14-ஆம் எண் பாலத்தில் தண்ணீர் கர்டர் (பாலத்தைத் தாங்கும் உத்தரம்) மட்டத்தைத் தொட்டால் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். பாலம் இடிந்துவிடும் என்பதால் மட்டுமல்ல; அடியில் அரிப்பு எவ்வளவு என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் வண்டியை விட மாட்டார்கள். அந்த நாளில் புறநகர் வண்டிகள் ஆவடிப் பக்கமே ஓடித் திரும்பும், சென்ட்ரலுக்கு எதுவும் வராது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நடந்தது, 2024 அக்டோபர் மழையிலும் நடந்தது. ஆண்டுக்கு ஓரிரு நாள்தான் என்றாலும் விடுப்புக் கிடைக்காத வேலையில் இருப்பவர் மாற்று வழியைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பறக்கும் ரயில்: ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) வேலைக்காரர்களுக்கு மட்டும்

1995-ல் பீச்–சேப்பாக்கம் தொடங்கி, 1997-ல் திருமயிலை, 2007-ல் வேளச்சேரி வரை மெல்ல மெல்ல நீண்ட தடம். டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம், அதைச் சுற்றியுள்ள தரமணி அலுவலகங்கள் என்றால் திருவான்மியூர், இந்திரா நகர், தரமணி நிலையங்கள் நடைதூரம். மயிலாப்பூரிலோ மந்தைவெளியிலோ வீடு, டைடலில் வேலை என்றால் கூட்டத்தின் எதிர்த்திசையில் கால்நீட்டி உட்கார்ந்து போகலாம். இந்த அளவு சுகமான பயணம் சென்னையில் வேறெங்கும் இல்லை. சோழிங்கநல்லூர், சிறுசேரி என்றால் நிலைமை வேறு. திருவான்மியூரில் இறங்கியபின் பேருந்தில் ஓ.எம்.ஆர். நெரிசலைத் தாங்கித்தான் போக வேண்டும். அதற்கு ஓ.எம்.ஆரிலேயே வீடு பார்ப்பது உத்தமம்.

குறைகளும் கொஞ்சமில்லை. தெற்குத் தடத்தைவிட வண்டி இடைவெளி அதிகம். நிலையங்கள் மாபெரும் கான்கிரீட் கூடுகள். பிளாட்பாரம் இரண்டு மூன்று மாடி உயரத்தில், நகரும் படிக்கட்டு ஓடாத நாளில் முழங்கால் வலிக்காரர்களுக்குத் தண்டனை. இரவு எட்டு மணிக்கு மேல் பல நிலையங்களில் கீழ்த்தளம் வெறிச்சோடிக் கிடக்கும். பெண்கள் தனியாக இரவில் திரும்ப வேண்டியிருந்தால், பகலில் பார்த்து முடிவு செய்யாமல் அந்த நேரத்திலேயே ஒருமுறை போய்ப் பார்ப்பது அவசியம்.

இன்னொன்று, இந்தத் தடத்துக்கு மாற்றுத் தண்டவாளம் கிடையாது. பீச்–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் முதல் 2024 அக்டோபர் வரை வண்டிகள் சிந்தாதிரிப்பேட்டையோடு நின்றுவிட்டன. பதினான்கு மாதம் பீச், கோட்டை, பூங்கா நகர் துண்டிக்கப்பட்டுக் கிடந்தன. பரங்கிமலை–வேளச்சேரி ஐந்து கிலோமீட்டர் இணைப்பும் அப்படியே: அது வந்துவிடும் என்று நம்பி அந்தப் பக்கம் வீடு வாங்கியவர்கள் பதினைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். எந்தத் தடமானாலும் தூண் எழும்பியிருப்பதை வைத்து விலை பேசாதீர்கள்; அட்டவணையில் வண்டி நேரம் அச்சாகியிருந்தால் மட்டும் கணக்கில் சேருங்கள்.

தெற்குத் தடத்திலிருந்து பறக்கும் ரயிலுக்கு மாறுபவர்கள் பார்க் ஸ்டேஷனில் இறங்கிப் பறக்கும் ரயிலின் பூங்கா நகர் நிலையத்துக்கு நடப்பதுண்டு. கூட்டத்தில் அது வீண் அலைச்சல். கோட்டையிலோ பீச்சிலோ இறங்கினால் ஒரே வளாகத்துக்குள் மாறிவிடலாம். ஓரிரு நிலையம் கூடுதலானாலும் ஏறும் இடம் புறப்படும் இடத்தை ஒட்டியிருப்பதால் இருக்கை கிடைக்கும்.

வடக்குத் தடம்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளில் வேலை செய்பவர்களுக்கு இது நல்ல தடம். மற்றவர்களுக்கு விலை குறைவு என்ற ஒரே காரணம்தான். விஜயவாடா, கொல்கத்தா பக்கம் போகும் எக்ஸ்பிரஸ்களும் துறைமுக, அனல்மின் நிலையச் சரக்கு வண்டிகளும் இதே வழிதான். தடம் போதாமல் புறநகர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு மற்றதை விடுவது வாடிக்கை. 2024 அக்டோபரில் கவரைப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் ஒன்று சரக்கு ரயிலில் மோதியபோது அந்த வழியே முடங்கியது. திருவொற்றியூர், விம்கோ நகர் வரை வீடு பார்ப்பவர்களுக்கு 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ இருக்கிறது. அவர்கள் மின்சார ரயிலை இரண்டாம் வழியாக வைத்துக்கொண்டால் போதும். கும்மிடிப்பூண்டி வரை போகிறவர் அட்டவணை நேரத்தோடு 20 நிமிடம் கூட்டி வைத்துக்கொண்டு அலுவலக நேரத்தைக் கணக்கிடட்டும்.

பெயர் ஒன்று, இடம் வேறு

மெட்ரோவுக்கு மாறத்தக்க நிலையங்கள் உண்மையில் சிலவே: பார்க்–சென்ட்ரல், எழும்பூர், கிண்டி, பரங்கிமலை. விமான நிலைய மெட்ரோவுக்குத் திரிசூலத்தில் இறங்கிச் சாலையைக் கடக்கலாம். சைதாப்பேட்டை என்று இரண்டுக்கும் பெயர் இருப்பதால் ஏமாந்துவிடக் கூடாது. ரயில் நிலையமும் அண்ணா சாலை மெட்ரோவும் தள்ளித் தள்ளி இருக்கின்றன. வெளியூர்ப் பேருந்து அடிக்கடி ஏறுபவர் 2023 டிசம்பர் 30 அன்று திறந்த கிளாம்பாக்கம் முனையத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே. மாதம் இருமுறை ஊருக்குப் போகிறவருக்கு இந்த ஒன்றே ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரியைத் தூக்கி நிறுத்தும்.

வெள்ளம் பற்றி ஒரு சொல். வேளச்சேரி, முடிச்சூர், கொரட்டூர், திருநின்றவூர் ஏரிக்கரைப் பகுதிகள் எல்லாம் ரயிலுக்கு வசதியானவை, நீருக்கும் வசதியானவை. ஸ்டேஷன் மேட்டில் இருக்கும். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு வரும் சுரங்கப்பாதைதான் முதலில் மூழ்கும். 2015-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று வீட்டு உரிமையாளரைக் கேட்பதைவிடத் தெருமுனைப் பெட்டிக்கடையில் கேட்பது நம்பகமானது.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

இடம் இரண்டாகச் சுருங்கியதும் ஒரு வேலைநாளில், உண்மையான அலுவலக நேரத்தில், வீட்டு வாசலிலிருந்து அலுவலக வாசல்வரை இரண்டையும் போய்ப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடு பார்க்கப் போகிற நாள் தவறான நாள். அன்று வண்டிகள் ஞாயிறு அட்டவணைப்படி குறைவு, பராமரிப்புக்காகச் சில மணி நேரம் தடத்தையே மூடுவதும் அன்றுதான். போகிற பயணத்தைவிடத் திரும்பும் பயணத்தைக் கவனியுங்கள்: மாலை ஆறரைக்குக் கிண்டியில் நின்று, தாம்பரம் வண்டி எத்தனை, செங்கல்பட்டு வண்டி எத்தனை வருகிறது என்று முக்கால் மணி நேரம் எண்ணினாலே தாம்பரமா கூடுவாஞ்சேரியா என்ற கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். இருசக்கர வாகனத்தில் ஸ்டேஷன் வருவதாக இருந்தால் காலை எட்டரைக்கு ஸ்டாண்டில் இடம் இருக்கிறதா என்று அதே நாளில் பாருங்கள்.

முதல் மாதம் மாதச் சீசன் மட்டும் எடுங்கள். எந்த நிலையத்திலிருந்து ஏறுவது, எதில் மாறுவது என்பது அந்த மாதத்தில்தான் நிலைப்படும். பிறகு காலாண்டுச் சீசன் 2.7 மாதக் கட்டணத்துக்கும், அரையாண்டுச் சீசன் 5.4 மாதத்துக்கும், ஆண்டுச் சீசன் 10.8 மாதத்துக்கும் கிடைக்கும்.